முதலாளிக்குத் தெரியாதாம்!

காலையில் கான்சாபுரத்தில் மில் வேன் வந்து நிற்கும். ராஜபாளையம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிற பெண்பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு ஏறுவார்கள். போன வாரம் டீக்கடையில் அந்த வேனைப் பார்த்துக்கொண்டே ஒருவர் சொன்னார்: "சூப்பர்வைசர் ஒரு பிள்ளையிடம் தப்பாக நடந்தால் முதலாளி என்ன சார் செய்வார்? அவருக்கு எப்படித் தெரியும்?" நாலு பேர் தலையாட்டினார்கள். நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன்.

தெரிந்துகொள்வதுதானே ஐயா அவர் கடமை! 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2013-ல் சட்டமே வந்துவிட்டது. பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். முதலாளி அனுப்புகிற அந்த வேனும் பணியிடம்தான். குழு அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய். ஒரு மில்லுக்கு அது எந்த மூலைக்கு?

திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தொழிற்சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்குகிற எச் அண்ட் எம், கேப், பிவிஎச் கம்பெனிகளும் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டன. வாக்குத் தவறினால் வியாபாரம் அடிபடும். ஆர்டர் போகும் என்றால் எந்த முதலாளிக்கும் காது நன்றாகக் கேட்கும்.

இது ஒன்றும் புது நியாயமில்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, உத்தியோகத்துக்காக இந்தப் பக்கம் வந்து தங்கியவன். 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 1384-ம் பிரிவே, வேலையாள் தன் வேலையில் செய்த தீங்குக்கு எஜமானும் பொறுப்பு என்றது.

பிரிவு தெரிந்து என்ன செய்தேன்? எண்பதுகளில் எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் மேலாளர் மீது எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார். பதினைந்தே நாளில் மாறுதல் வந்தது, மேலாளருக்கு அல்ல, அந்த அம்மாவுக்கு. "நிர்வாக நலன் கருதி" என்று வரைவு எழுதியவன் நான். புகாரைக் கோப்பில் வைத்து நாடா கட்டியவனும் நான்.

மேலதிகாரிக்குத் தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். அந்தப் புகாரின் ஓரத்தில் பச்சை மையில் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது.