தாளா, தகுதியா?

கணினிப் பாதுகாப்புப் பணிக்கு ஆளெடுப்போர் பலர் முதலில் சான்றிதழையே கேட்கின்றனர். அனுபவத்தைப் பின்னரே நினைக்கின்றனர். இம்முறை தவறானது என்பதே என் வாதம்.

2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. தரவுத்தளத்தில் எழுந்த விபரீத வினவல்களைக் கண்டு நிறுத்தியவர்கள் அதனை அன்றாடம் பராமரித்த ஊழியர்கள். பொறுப்பிலிருந்த சிலரோ உரிய காலத்தில் செயற்படவில்லை என 2019இல் விசாரணைக் குழு எடுத்துரைத்தது. வழக்கத்தை அறிந்த கண்ணுக்கே வழக்கத்துக்கு மாறானது புலப்படும். அக்கண்ணை எந்தத் தேர்வுத்தாள் தரும்?

அவ்வாறாயின் சான்றிதழ் வீணா? வீணன்று. பரிந்துரைக்க ஆளில்லாத ஏழை இளைஞனுக்குக் கதவைத் தட்டும் கை அது. ஆயினும் புகழ்பெற்ற சிஐஎஸ்எஸ்பி சான்றிதழே பொதுவாக 5 ஆண்டுப் பணியனுபவத்தைக் கேட்கிறது. தேர்வில் வென்றாலும் அனுபவம் நிரம்பாதவருக்கு முழுத் தகுதியை அளிப்பதில்லை. வழங்குவோரே அனுபவத்தைப் போற்ற, வேலை தருவோர் அதனை மறப்பது முறையோ?

ஆதலின் நேர்காணலில் ஒரு கணினிப் பதிவேட்டை முன்வைத்து, ‘இதில் ஊடுருவல் எங்கே?’ என்று கேளுங்கள். விடை தருபவனே தகுதியுடையான். அவன் கையில் தாள் இருப்பினும் இல்லாவிடினும்.

மாணவர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தேர்வும் எழுதுங்கள், அதற்கு முன் கைபழகுங்கள்.