பட்டம் வேறு, கல்லூரி வேறு

“பி.ஏ. படித்து என்ன கண்டான்?”

இவ்வினா ஒலிக்காத ஆலய முற்றம் நம் பங்குகளில் உண்டா? ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே நிற்கும் ஐந்து நிமிடங்களுக்குள் யாரேனும் ஒருவர், வேறொருவர் மகனைக் குறித்து இதனைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர் தீயவர் அல்லர். பிள்ளைக்கு இன்னும் வேலை அமையவில்லையே என்னும் ஆதங்கம் அவருக்கு. ஆயினும் அவ்வினாவினுள் ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. கல்லூரி என்பது பட்டம் வழங்கும் இடம். பட்டம் என்பது வேலை வாங்கித்தரும் தாள். வேலை கிட்டவில்லையேல் தாள் வீண். தாள் வீண் எனில் கல்லூரியும் வீண். படித்தவரும் படியாதவரும் ஒருசேர நம்பும் இக்கணக்கை மறுப்பதே என் நோக்கம்.

குயிலாப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளை நம்பிக் கிடந்த சிற்றூர் அது. 1968 பிப்ரவரி 28 அன்று அதன் அருகே ஆரோவில் தொடங்கப்பெற்றது. 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணை ஒரு தாழியில் இட்டனர். அதே 1968ஆம் ஆண்டில் விழுப்புரத்தில் அரசு கலைக் கல்லூரி பிறந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பெயர் தாங்கி நிற்கிறது. அடுத்த ஆண்டு திண்டிவனத்தில் இன்னோர் அரசு கலைக் கல்லூரி, அது திரு. ஆ. கோவிந்தசாமி பெயரைத் தாங்கியது. அந்நாளில் இம்மூன்றும் தென்னார்க்காடு மாவட்டத்தினுள் அடங்கியவை. ஈராண்டுக்குள் ஒரே மண்ணில் மூன்று நிறுவனங்கள். ஒன்று, கல்விக்குத் தேர்வும் வேண்டா, சான்றிதழும் வேண்டா என்னும் கொள்கையோடு எழுந்தது. மற்ற இரண்டும், பட்டச் சான்றிதழ் எப்படியிருக்கும் என்றே அறியாத குடும்பங்களின் வாயிலுக்கு அதனைக் கொண்டுவந்தன.

ஆரோவிலின் அக்கொள்கையோடு எனக்குப் பெரும் பகை இல்லை. தேர்வுக்காகவே படிப்பது படிப்பன்று என்பதை யார் மறுப்பர்? ஆனால் அக்கொள்கைக்கு மூலவர்களுள் ஒருவரான அரவிந்தரைப் பாருங்கள். 1890 முதல் 1892 வரை கேம்பிரிட்சில் கிங்ஸ் கல்லூரியில் பயின்றார். தேர்வில் முதல் வகுப்பில் தேறியும் பட்டம் பெறாமலேயே 1893இல் தாயகம் திரும்பினார். பட்டத்தை விட்டார்; கல்லூரியை விடவில்லை. கிரேக்கமும் இலத்தீனும், இரவெல்லாம் நீண்ட விவாதமும், அடிமை நாட்டின் விடுதலையைப் பற்றிய கனவும் அவரோடு கப்பலேறி வந்தன. பட்டம் வேண்டா என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. முந்திரித் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியவரின் பேரனிடம் அதே சொல்லைச் சொல்லுகையில் அதன் பொருள் முற்றிலும் வேறாகிவிடுகிறது. அவனுக்கு அது, “கல்லூரிக்குப் போகாதே” என்றே கேட்கும்.

அவன் நிலையை எண்ணிப்பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவன்முன் இரு வழிகள். விருந்தினர் விடுதி, உணவகம், கைவினைப் பட்டறை, வாடகை வண்டிக் கடை, கட்டட வேலை என்று அடுத்த திங்கட்கிழமையே கூலி தரக்கூடிய இடங்கள் அருகிலேயே உள்ளன. மற்றொரு வழி, திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ விடியலில் பேருந்தேறிப் போவது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியோ எல்லைக்கு அப்பாலுள்ளது. அங்குள்ள அரசுக் கல்லூரிகளில் அவ்வாட்சிப் பகுதியாருக்கே முன்னுரிமை. மூன்றாண்டுக் கூலியை இழப்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு இழப்பன்று. 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் மாதந்தோறும் தரும் 1,000 ரூபாய் அவ்விழப்பை ஈடுசெய்யாது. ஓரிரு நாள் கூலிதான் அது. இதை மறைத்துவிட்டுக் கல்லூரியின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

அப்படியாயின் அவ்விழப்புக்கு மாற்றாக அவன் பெறுவது என்ன? யாருக்கும் கூலியாளாக இராத மூன்று ஆண்டுகளை முதலில் பெறுகிறான். அவன் பாட்டனுக்கு அது கிட்டியதில்லை, தந்தைக்கும் கிட்டியதில்லை. வசதி படைத்த வீட்டில் அதற்கு இளமை என்று பெயர். யாரும் அதனைக் கணக்கிடுவதில்லை. ஏழை வீட்டில் மட்டும் அதனை வெட்டிப்பொழுது என்கிறோம். இன்னாருடைய மகன், இந்தத் தெருவான் என்று ஊரில் அறியப்பட்டவன், வருகைப் பதிவேட்டில் தன் பெயரால் மட்டுமே அழைக்கப்படுகிறான். “ஐயா, எனக்கு விளங்கவில்லை” என்று எழுந்து நின்று சொல்லக் கற்கிறான். மேலோரிடம் அவ்வாறு சொல்வது அவன் வீட்டுப் பெரியவர்கள் எவரும் செய்யத் துணியாத செயல். உதவித்தொகைப் படிவத்தைத் தானே நிரப்புகிறான். அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் மறுநாள் மீண்டும் போகிறான். ஒரு தாளில் தோற்று, தோற்றபின்னும் உயிரோடிருக்கலாம் எனக் கண்டுகொள்கிறான். யாரும் படிக்கச் சொல்லாத ஒரு நூலை நூலகத்திலிருந்து எடுத்துவருகிறான். பின்னொரு நாள் நிலப்பத்திரம் ஒன்றில் கையொப்பமிட நேரும்போது, எழுதியிருப்பதை முழுதும் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பான். செம்மண் நிலங்களெல்லாம் மனைகளாகிக் கைமாறிய அவ்வட்டாரத்தில் இது சிறு காரியமா?

இவற்றுள் எதுவும் மதிப்பெண் பட்டியலில் வராது. கர்தினால் நியூமன் 1852இல் டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதனை ஏறக்குறைய விளையாட்டாகவே எடுத்துவைத்தார். மாணவர் ஒன்றுகூடி வாழாமலே தேர்வு மட்டும் வைத்துப் பட்டமளிக்கும் பல்கலைக்கழகம் ஒன்று. ஆசிரியரும் தேர்வும் இன்றி இளைஞரை மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக இருக்கச்செய்து அனுப்பிவிடும் பல்கலைக்கழகம் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத் தேரச் சொன்னால் இரண்டாவதையே தேர்வேன் என்றார். 2025 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ இவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தபோது நம் மறைமாவட்டங்களிலெல்லாம் மகிழ்ந்தோம். அவருடைய இக்கருத்தை நம் கல்லூரி ஆட்சிக்குழுக்கள் ஒருமுறையேனும் எடுத்துப் பேசியிருந்தால் இன்னும் மகிழலாம்.

நியூமன் கற்பனையில் கண்ட முதலாவது பல்கலைக்கழகத்தை நாம் கண்ணாலேயே கண்டுவிட்டோம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசியில் நடந்தது. கைப்பேசி இல்லாதவர்க்கு அதுவும் நடக்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியிருந்தால் போதும், அரியர் தாள்கள் அனைத்திலும் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவிக்க, மாணவர் சிலர் சுவரொட்டி அடித்துக் கொண்டாடினர். வழக்கு நீதிமன்றம் சென்றது வேறு கதை. கல்லூரி இல்லாமல் பட்டம் மட்டும் கையில் வந்தால் எப்படியிருக்கும் என்பதை அப்பருவத்து மாணவரிடமே கேளுங்கள். தேர்ச்சி பெற்றதைச் சொல்லி ஒருவரும் பெருமைப்படுவதாகத் தெரியவில்லை. இழந்த வகுப்பறையைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார்கள்.

ஆசிரியர் இன்றியே நட்பு மட்டும் போதும் என்று நான் நியூமனைவிட ஒருபடி மேலே போகமாட்டேன். நம் வட்டாரமே அதற்குச் சான்று. விழுப்புரம் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர் த. பழமலய். 1988இல் வெளிவந்த அவருடைய ‘சனங்களின் கதை’, நடுநாட்டு உழவர்களின் பேச்சையும் இழப்பையும் கவிதையாக்கியது. தன் பாட்டியின் சொல்லும் இலக்கியமாகும் என்பதை அவ்வகுப்பில் அமர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படித்திருப்பான்? அப்படிக் கவிதை எழுதியவரே எதிரில் நின்றார். திண்டிவனம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர் பேராசிரியர் கல்யாணி. பிரபா கல்விமணி என இன்று அறியப்படுகிறவர். பொய்வழக்குகளில் சிக்கவைக்கப்பட்ட இருளர் பழங்குடி மக்களுக்காகக் காவல் நிலையங்களின் படியேறியவர். 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாகக் காரணமானவர். கரும்பலகையில் சமன்பாடு எழுதும் கையும் இருளர்களுக்காக மனு எழுதும் கையும் ஒன்றே எனக் காண்பது, எந்தத் திறன் பயிற்சி மையத்திலும் கிட்டாத பாடம்.

நம் கல்லூரிகளுக்கும் இத்தகைய நினைவுகள் உண்டு. 1950களின் தொடக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரி விடுதியின் ஓர் அறையில் மூவர் தங்கினர்: திருவரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவர், இராமேசுவரத்துப் படகோட்டிக் குடும்பத்து முசுலிம் ஒருவர். மூன்றாமவர் அப்துல் கலாம். தன்வரலாற்றில் அவர் அவ்வறையை நினைவுகூர்கிறார். இயற்பியல் தமக்குரிய துறையன்று, பொறியியலுக்கே போயிருக்க வேண்டும் என்பதையும் அங்குதான் உணர்ந்ததாகச் சொல்கிறார். பட்டக் கணக்கில் பார்த்தால் அது நட்டம்.

கல்லூரியை நான் விண்ணகமாக்கவில்லை. மணிக்கட்டில் சாதிக்கயிறு கட்டிவருவதையும், அதன் நிறத்தால் நண்பனைத் தேர்வதையும் நாம் அறிவோம்; 2024 சூனில் நீதிபதி சந்துரு குழு அளித்த அறிக்கை அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஆயினும், ஊரும் காலனியும் தனித்தனியே கிடக்கும் நம் பகுதியில், சில பங்குகளில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை கண்ட நம்மிடையே, இரு பக்கத்துப் பிள்ளைகளும் மூன்றாண்டுகள் ஒரே வாங்கில் அமரும் இடம் வேறு எது? பெருமையோடு நாம் சொல்லக்கூடிய பதில் ஏதும் எனக்குத் தோன்றவில்லை.

பெண்மக்களின் செய்தி இன்னும் கூரியது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண நிதியுதவித் திட்டம், பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு எட்டுக் கிராம் பொன்னும் தந்தது. பட்டச் சான்றிதழ் அங்கே திருமண விண்ணப்பத்தின் இணைப்பு. 2022இல் அரசே அதனை மாற்றி, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்ணின் கையில் மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டமாக்கியது. பொன் சிறந்ததா, மாதத்தொகை சிறந்ததா என்ற வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் படிப்பின் பயன் மணமேடையில் கிட்டும் என்பதிலிருந்து, படிக்கும் நாளிலேயே அவளுக்குக் கிட்டும் என்பதற்கு அரசு நகர்ந்துவிட்டது. நம் இல்லங்கள் நகர்ந்தனவா? “மாப்பிள்ளை வீட்டார் பட்டதாரி கேட்கிறார்கள்” என்றுதானே இன்றும் சேர்க்கிறோம்! தோழியுடன் பேருந்தில் போய்வருவதும், ஒரு கருத்தரங்கில் எழுந்து தாமே பேசுவதும், திருமணத்தைச் சற்றுத் தள்ளிவைக்கும் துணிவும் அவளுக்கு எவ்வளவு பெரியவை என்பதைப் பெற்றோர் கேட்பதுகூட இல்லை.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4. பெருமைதான். ஆனால் சேர்ந்தவர்களுக்குக் கல்லூரி கிடைத்ததா, வெறும் பட்டம் கிடைத்ததா? அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளுகின்றனர். அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத ஆசிரியரிடம், மாணவனுக்காக மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக அமரும்படி எந்த முகத்தோடு கேட்பது? தனியார் கல்லூரிகளோ, நம் கல்லூரிகள் சிலவும் சேர்த்தே சொல்கிறேன், வாயிலில் வேலைவாய்ப்புப் பெற்றோரின் படங்களை மாட்டிவிட்டு உள்ளே கண்காணிப்புக் கருவிகளைப் பெருக்குகின்றன. கூடிப் பேசும் மாணவரை விரட்டுவதே அங்கு ஒழுக்கமாகிவிட்டது.

ஆகவே, பெற்றோரே, மே மாதத்தில் சேர்க்கைப் படிவம் வாங்கப் போகும்போது சிலவற்றைக் கேளுங்கள். நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும்? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? விடுதி அறைகளில் யார் யாருடன் தங்குகின்றனர்? மாணவர் பேரவை உண்டா, அதற்குத் தேர்தல் நடக்கிறதா? எந்த நிறுவனம் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தது என்பதை மட்டும் கேட்க வேண்டா, கேளாமலே சொல்லிவிடுவார்கள்.