காணும் கண்ணும் ஓடிவரும் காலும்

எமது தமக்கையார் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே தனியே வாழ்கின்றார். வயது எழுபத்தாறு. மூத்த மகன் ரொறன்ரோவில், இளையவன் இலண்டனில். தாயைப் பற்றிய கவலை இருவருக்கும் ஒன்றே. அதைத் தீர்க்கும் வழியிலேதான் அவர்கள் வேறுபட்டனர். இன்று நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் நிகழும் வழக்கு இதுவாகையால், இதனை இவ்வாரம் வாசகர்களின் முன் வைக்கின்றோம்.

மூத்தவன் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது நான்கு கமராக்களை வாங்கித் தன் கையாலேயே பூட்டினான். படலையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, பின்வாசலில் ஒன்று, கூடத்தினுள்ளே ஒன்று. “இனி அம்மாவை எந்நேரமும் நான் பார்த்துக்கொள்வேன், மாமா” என்று பெருமையோடு கூறிப் புறப்பட்டான். இளையவனோ, “கமரா பார்க்குமேயன்றிக் காப்பாற்றாது. மாதக் கட்டணம் பெற்று இரவு பகலாகக் கண்காணிக்கும் நிறுவனமொன்றிடம் ஒப்படைப்பதே முறை” என்று வாதித்தான்.

மூன்று மாதம் செல்லவில்லை. ஒருநாள் நள்ளிரவு கழிந்து இரண்டு மணியளவில் கிணற்றடியில் இருந்த நீர்ப்பம்பி களவு போயிற்று. கமரா தன் கடமையைச் செய்தது; ரொறன்ரோவில் இருந்த தொலைபேசிக்கு உடனே செய்தி அனுப்பிற்று. அங்கே அப்பொழுது முதல்நாள் மாலை நான்கரை மணி. மகன் வேலைத்தலத்தில் இருந்தான். அவன் செய்தியைக் கண்டபோது இங்கே பொழுது விடிந்துவிட்டது. படத்தில் தெரிந்ததெல்லாம் தலையைத் துணியால் மூடிய ஓர் உருவமே. தமக்கையார் உறக்கம் கலையாதிருந்தமை எமது நற்பேறு. எழுந்து விளக்கோடு வெளியே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது.

இவ்விரு வழிகளும் நேற்றுத் தோன்றியவை அல்ல. அமெரிக்காவிலே 1853ஆம் ஆண்டில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சார அபாய மணிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கதவோ சன்னலோ திறக்கப்பட்டால் மின்னோட்டம் ஓடி மணி ஒலிக்கும். அவ்வுரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் 1858இல் பொஸ்ரன் நகரில் அதனை வணிகமாக்கினார். பின்னர் பல கட்டடங்களிலிருந்து கம்பிகளை ஒரு மத்திய நிலையத்தோடு இணைத்து, அங்கே விழித்திருப்போர் ஆளனுப்பும் முறை வளர்ந்தது. இன்றைய கண்காணிப்பு நிறுவனங்களின் மூலம் இதுவே.

கமராவின் கதையோ ஒரு தாதியின் அச்சத்தில் பிறந்தது. நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிற்றன் பிறவுண் வேளைகெட்ட வேளையில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தது. அழைத்தாலும் பொலிஸார் விரைந்து வருவதில்லை. அவரும் மின்னியல் வல்லுநரான கணவரும் 1966இல் விண்ணப்பித்து 1969இல் உரிமை பெற்ற அமைப்பிலே, கதவின் துவாரங்கள் வழியே கமரா வெளியாரைக் காட்டும். படுக்கையறையிலிருந்தே அவர்களோடு பேசலாம். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்தி உதவி கோரலாம். காண்பது பாதி, உதவியை அழைப்பது மறுபாதி என்பதை அப்பெண்மணி அன்றே உணர்ந்திருந்தார். நம் மருமகன் வாங்கியது முதற்பாதியை மட்டுமே.

அப்படியாயின் நிறுவனமே சிறந்ததென்று முடிவுகட்டலாமா? அதுவும் அவசரமே. அங்கே கதவிலும் அறையிலும் பொருத்திய உணர்கருவிகள் மத்திய நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கிருப்போர் வீட்டாரை அழைப்பர். மறுமொழி இல்லையேல் பொலிஸாரையோ தமது காவலரையோ அழைப்பர். ஆனால் பூனை பாய்ந்தாலும் காற்றுக் கதவை அசைத்தாலும் மணி அடிக்கும். பொய்யழைப்புகள் மிகுந்தமையால், அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரம் 2000ஆம் ஆண்டில், ஆபத்து உண்மையென ஒருவர் உறுதிப்படுத்தினாலன்றிப் பொலிஸார் வரார் என விதித்தது. ஆகவே பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: “மணி அடித்தால் எங்கள் வாசலுக்கு வருபவர் யார்? எத்தனை நிமிடத்தில்?” இளைய மருமகன் கொழும்பு நிறுவனமொன்றிடம் இதனைக் கேட்டான். “பொலிஸாருக்கு அறிவிப்போம்” என்பதே மறுமொழி. 119ஐ அழைக்க நமக்கும் தெரியுமன்றோ!

இரு வழிக்கும் பொதுவான இடர்களும் உள. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறவார். மின்சாரம் நின்றால் இணையக் கருவி நிற்கும். அது நின்றால் கமரா அனுப்பும் செய்தியும் நிற்கும். மின்கலத் துணையின்றி எதனையும் வாங்குதல் வீண். இனி, கடவுச்சொல். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், விற்றபடியே கடவுச்சொல் மாற்றாது விடப்பட்ட எண்ணற்ற கமராக்களையும் பிற கருவிகளையும் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரும் இணையத்தளங்களை முடக்கிற்று. பணம் பெறும் நிறுவனத்தாரும் மனிதரே. அமெரிக்கக் காவல் நிறுவனமொன்றின் ஊழியர், தாம் கமரா பூட்டிய வீடுகளின் அந்தரங்கத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவந்ததை 2021இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். அயலாரையும் மறத்தல் கூடாது. ஒருவரின் கமராக்கள் அயலவரின் படத்தையும் பேச்சையும் அளவுமீறிப் பதிவுசெய்தமை சட்டமீறலென இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

இவற்றையெல்லாம் நாமும் மருமக்களும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் விவாதித்தோம். வீட்டுக்குரியவரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இடையிலே மூத்தவன், “கூடத்துக் கமரா ஒரு மாதமாகப் பழுது, படம் இருட்டாக இருக்கிறது” என்றான். தமக்கையார் அமைதியாகச் சொன்னார்: “பழுதில்லை. துவாயால் மூடியிருக்கிறேன்.”

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அவரே தொடர்ந்தார்: “கள்ளன் வருவது என்றோ ஒருநாள். நான் இந்த வீட்டில் இருப்பது எந்நாளும். நான் தலை விரித்திருப்பதையும் சாய்ந்து கிடப்பதையும் எவரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். என்னைப் பார்க்க விருப்பமென்றால் கூப்பிட்டுக் கதையுங்கள்.”

அத்தோடு வழக்கு முடிந்தது. கூடத்துக் கமரா கழற்றப்பட்டது. மற்றை மூன்றும் எமது வளவை மட்டுமே நோக்கத் திருப்பப்பட்டன. செய்தி இப்பொழுது ரொறன்ரோவுக்கு மட்டுமன்றி, அடுத்த வளவுப் பிள்ளையின் தொலைபேசிக்கும் அவரது சம்மதத்தோடு செல்கின்றது. இரவில் ஆளசைந்தால் கிணற்றடி விளக்குத் தானே எரிந்து மணியும் ஒலிக்கும். தமக்கையாரின் கட்டிலருகே ஓர் அழைப்புப் பொத்தான் உண்டு. கள்ளனுக்கு மட்டுமன்று, கால் இடறி விழுந்தாலும் அது உதவும். இணையக் கருவிக்கு மின்கலமும் வந்துவிட்டது.

எமது நண்பரொருவர் வெள்ளவத்தையில் பூட்டிக்கிடக்கும் தம் வீட்டுக்கு நிறுவனத்தையே அமர்த்தியுள்ளார். அதுவும் தக்கதே. ஆளில்லா வீட்டுக்கு அழைப்பை ஏற்க அங்கே ஒருவர் வேண்டும். அந்நிறுவனத்தின் காவலர் அருகிலேயே உள்ளனர். ஆகவே எது மலிவு, எது புதிது என்பதை முதலிற் பார்க்கவேண்டியதில்லை. நம் வீட்டுக்கு ஓடிவரக்கூடியவர் யார் என்பதை முதலில் அறிந்து, அவருக்குச் செய்தி சேரும் வழியைத் தேர்வதே விவேகம்.

சென்ற ஞாயிறு அடுத்த வளவுப் பிள்ளை ஓடிவந்தது உண்மை. மணி ஒலித்தது ஒரு மாட்டினால். மாட்டைத் துரத்திவிட்டு, தமக்கையார் ஊற்றிய தேநீரையும் அருந்திச் சென்றாராம். அவ்விரவு இரு மருமக்களும் தாயைக் கூப்பிட்டு நெடுநேரம் கதைத்தனர் என்றும் அறிகின்றோம்.