வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு கொப்பி

1924இல் ஒர்மிஸ்டன் என்பவர் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நமது ஊவாவின் ஹல்துமுல்லைப் பகுதியில் வாழ்ந்தவர் அவர். அதே பகுதியின் மீரியாபெத்தையில்தான் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயங்களை மூடியது. அங்குள்ள பூச்சிகள் ஏட்டில் ஏறின. அம்மண்ணில் உழைத்தவர்களின் அறிவோ ஏட்டில் ஏறியது சொற்பமே.

எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தைத் தின்னும் புழு எந்த வண்ணத்துப்பூச்சியாகிறது, எருக்கிலையில் முட்டையிடுவது எது என்பதைத் தோட்டம் செய்தவர்கள் கண்ணால் அறிவார்கள். இடம்பெயர்ந்தாலும் அந்த அறிவு நம்மோடு வருகிறது.

நமுனுகுல மலைச்சாரலிலும் இதைச் செய்யலாம். வாரம் ஒருமுறை, ஒரே பாதையில், ஒரே நேரத்தில் நடப்போம். திகதி, இடம், வானிலை, செடி, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுவோம். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுவோம். பிடித்துக் கொல்லத் தேவையில்லை.

காணியில்லாதவருக்குப் பூச்சிக் கணக்கு எதற்கு என்று கேட்பது நியாயமே. கொப்பி காணிக்கு ஈடாகாது. ஆனால் பற்றைகளை வெட்டியபின், மருந்து தெளித்தபின் பூச்சிகள் ஆண்டுதோறும் குறைந்தால், அதைத் திகதியோடு எடுத்துச் சொல்ல நம்மால் முடியும். எழுதி வைத்தவரின் பேச்சை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. இந்த வாரமே பிள்ளைகளின் கையில் பேனையைக் கொடுப்போம்.