பிழைப்பாரா? – புரதங்கள் சொல்லும் சேதி

வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு வாய்ப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தார் கேட்கும் முதல் வினா, "பிழைப்பாரா?" என்பதே. ஆயுளின் அளவை அல்லாஹ் ஒருவனே அறிவான். எனினும், நோய் எவ்வழியில் செல்லக்கூடும் என்பதைக் கட்டியிலுள்ள சில புரதங்களைக் கொண்டு கணிக்க மருத்துவர்கள் முயன்று வருகிறார்கள். அப்புரதங்களின் பெயர்கள் சோதனை அறிக்கைகளிலும் இடம்பெறுவதால் அவற்றின் பொருளை நாமும் அறிந்திருத்தல் நலம்.

இந்நோய் இரணியல் வட்டாரத்துக்குப் புதியதன்று. அடுத்துள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-இல் எழுதினார். அங்கேயே பணியாற்றிய டாக்டர் இயான் ஆர் என்பவர், வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் விரிவாக எழுதினார்.

இனி, புரதச் சோதனைக்கு வருவோம். வெட்டியெடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கி, ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை அதன்மீது இடுகிறார்கள். அப்புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகத் தெரியும். 'கி-67' மிகுந்திருந்தால் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன என்பது பொருள். 'பி-53' உயிரணுவின் காவலன். அதன் மரபணு பழுதுபட்டால் புரதம் மிகுதியாகக் குவியும், அல்லது அறவே மறையும். 'ஈ-காதெரின்' உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைப்பது. அது குறைந்தால் நோய் பரவ வழி ஏற்படும்.

ஆயினும் இவற்றுள் எதுவும் தனித்து நின்று தீர்ப்புக் கூற வல்லதன்று. 'பி-16' குறித்து ஓர் எச்சரிக்கையும் தேவை. தொண்டைப் புற்றில் அது காணப்படுவது நற்குறி. கன்னத்தில் வரும் புற்றுக்கு அவ்வாறு கொள்ளலாகாது. அறிக்கையில் ஒரு சொல்லைக் கண்டு மகிழ்வதும் மனம் உடைவதும் வேண்டாம். மருத்துவரிடமே விளக்கம் கேளுங்கள்.

இன்றும் நோயின் முடிவைப் பெரிதும் உணர்த்துபவை கட்டியின் அளவு, அது ஊடுருவிய ஆழம், கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியுள்ளதா என்பது ஆகியவையே. அதாவது, எவ்வளவு விரைவில் மருத்துவரிடம் வந்தோம் என்பதே பெரிய அடையாளம்.

இதற்குச் சான்று அருகிலேயே உண்டு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மக்களின் வாயை வெறும் கண்ணால் பார்வையிட்டனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் இல்லங்களில் உம்மும்மாவின் வெற்றிலைச் செல்லம் பாசத்தோடு பேணப்படுகிறது. "புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை" என்பாரும் உளர். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட நூல் தெளிவாக்கிவிட்டது. ஆகவே அந்தச் செல்லத்தை மூடி வைப்பதே உண்மையான பாசம்.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாயை அகலத் திறக்க இயலாமை – இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்க வேண்டாம். அன்னிய ஆடவர்முன் வாய் திறக்கக் கூசும் மூதாட்டியரைப் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். அதற்கு முன், பேத்தியே பகல் வெளிச்சத்தில் உம்மும்மாவின் வாயைப் பார்க்கலாமே!

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.