ஆலய ஒலிபெருக்கி வளர்த்த செவிகள்

தைப்பூசத் திருநாள் நெருங்கும் வேளையில் ஆலய நிர்வாகத்தினர் கூடிப் பேசும் செய்திகள் பல. இரதம் எந்தச் சாலை வழியே செல்வது, அன்னதானம் எந்த உபயக்காரருடையது, நாதஸ்வர வித்துவான்களைத் தமிழகத்திலிருந்து வரவழைப்பதா அல்லது உள்ளூரிலேயே அமர்த்திக்கொள்வதா, மலர் அலங்காரத்திற்கு எவ்வளவு ஒதுக்குவது என்றெல்லாம் இரவு நெடுநேரம் வரை விவாதம் நடைபெறும். அத்தகைய கூட்டங்கள் பலவற்றில் அடியேனும் அமர்ந்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் என்னென்ன பாடல்கள் ஒலிக்க வேண்டும் என்ற கேள்வியை எவரும் எழுப்பி நான் கேட்டதில்லை. அது ஒலிபெருக்கியை வாடகைக்குத் தருபவரின் விருப்பத்திற்கு விடப்படுகிறது. அவரோ அன்று கையில் அகப்பட்டதை ஓட விடுகிறார்.

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளில் மிகப் பலருக்கு முதல் இசையாசிரியராக விளங்கியது ஆலய ஒலிபெருக்கியே என்றால் மிகையாகாது. முறையாகச் சங்கீதம் பயிலும் வாய்ப்பு நகரத்தில் வசதியுள்ள சிலருக்கே வாய்த்தது. ஏனையோர் செவி வழியே பெற்றதுதான் தங்கள் இசைச் செல்வம் முழுவதும். அச்செல்வத்தை வழங்கியவை எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பக்தி இசைத்தட்டுகளே.

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1970ஆம் ஆண்டுகளில் வளர்ந்தவன் நான். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு அருகிலிருந்த மரத்தில் குழாய் ஒலிபெருக்கி ஒன்று கட்டப்பட்டிருக்கும். தோட்டத்து வீடுகளுக்கு மின்சாரம் மாலை வேளையில் மட்டுமே வரும். ஆதலால் விழாக் காலத்து விடியற்காலைப் பாட்டிற்கு லாரியின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து இணைப்பார்கள். பெரட்டுக்குப் புறப்படுவோர் முகம் கழுவும் நேரத்தில் சீர்காழி கோவிந்தராஜன் விநாயகரைப் பாடத் தொடங்குவார். அவர் முடித்ததும் ஊசி தட்டில் உரசும் ஓசை சில நொடிகள் கேட்கும். அடுத்து வருவது எந்தப் பாட்டு என்பது லயத்திலிருந்த ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தட்டின் வரிசை அப்படியே மனத்தில் பதிந்திருந்தது. இன்றைக்கும் அப்பாடல்களுள் ஒன்றை எங்கேனும் கேட்டால், அது முடியும்போது அடுத்த பாட்டின் முதல் சுரத்தை என் செவி தானாகவே எதிர்பார்க்கிறது.

அந்தக் குழாய் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு சொல். அதில் தாழ்ந்த ஓசைகள் வெளிவருவதே அரிது. மிருதங்கத்தின் தொப்பியோசை அதனுள் அமுங்கிப் போகும். மனிதக் குரலையும் நாதஸ்வரத்தையும் போன்ற நடுத்தர, உயர்ந்த ஓசைகளையே அது காடு தாண்டிக் கொண்டு செல்லும். சீர்காழி, டி.எம். சௌந்தரராஜன், கே.பி. சுந்தராம்பாள், பெங்களூர் ரமணியம்மாள் ஆகியோரின் கணீரென்ற குரல்கள் அக்கருவிக்கென்றே படைக்கப்பட்டவை போலப் பொருந்தின. பால் வெட்டும் நிரையில் நின்றவர்களுக்கும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. தாளத்தைக் காட்டிலும் சொல்லையே முதலில் நாடும் பழக்கம் எங்கள் தலைமுறைக்கு வந்ததற்கு இந்த மலிவான தகரக் குழாயும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

அத்தட்டுகளில் தலையாயது சூலமங்கலம் சகோதரிகளான ஜெயலட்சுமி, இராஜலட்சுமி இருவரும் பாடிய கந்தர் சஷ்டி கவசம். பாலன் தேவராய சுவாமிகள் அருளிய அந்நூல் நெடியது. பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் கொள்ளாது. அதில் கவசத்தை ஏற்றியிருந்தால் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்போம். ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்திற்கு மேல் இடம் தரும் நீண்ட தட்டு வந்த பின்னரே கவசம் முழுவதையும் இடையறாமல் கேட்கும் பேறு இல்லங்களுக்குக் கிட்டியது. இரண்டு குரல்கள் ஒரு குரலாக இழைந்து, அவசரமின்றி, பகுதிக்குப் பகுதி இராகம் மாறிச் செல்லும் அவ்வமைப்பே இன்று பலருக்குக் கவசம் என்பதாகிவிட்டது. நூலைத் தனியே வாசிக்க முயன்றால்கூட மனம் அந்த மெட்டிலேயே வாசிக்கிறது!

அக்கவசம் எங்களுக்குத் தமிழும் கற்பித்தது. தலை முதல் கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்க வேண்டும் என்று வேண்டும் பகுதியை அன்பர்கள் அறிவர். வதனம், நாசி, பிடரி, கணைக்கால் என்னும் சொற்களை எந்தப் பாடநூலிலும் படிப்பதற்கு முன்பே நாங்கள் அறிந்திருந்தோம். பாட்டியார் நெற்றியில் திருநீறு பூசி, பாட்டு ஓட ஓட உறுப்பைத் தொட்டுக் காட்டுவார். தேசிய மொழிப் பள்ளிக்குச் சென்று தமிழ் எழுத்தே அறியாமல் வளர்ந்த என் உறவினர் பிள்ளைகள் சிலர், கவசத்தை மட்டும் பிழையின்றி மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுக்கும் செந்தமிழுக்கும் இடையே எஞ்சியிருக்கும் கயிறு அது ஒன்றுதான். சகோதரிகளுள் இராஜலட்சுமி 1992இலும் ஜெயலட்சுமி 2017இலும் மறைந்தனர். அவர்கள் குரலோ நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி தவறாமல் எழுகிறது.

டி.எம். சௌந்தரராஜன் அவர்களின் முருகன் பாடல்கள் வேறு வகைப் பாடம். திரையில் கதாநாயகர்களுக்கு உரக்கப் பாடியவர், தட்டில் தனியே அமர்ந்து முருகனிடம் முறையிட்டார். இப்பாடல்கள் பலவற்றிற்கு மெட்டமைத்தவரும் அவரே. ‘கற்பனை என்றாலும்’ பாடலைக் கவிஞர் வாலி, திரையுலகில் பெயர் பெறுவதற்கு முன்பு, ஓர் அஞ்சலட்டையில் எழுதி அவருக்கு அனுப்பினார் என்பது வாலியே பலமுறை கூறிய செய்தி. ‘உள்ளம் உருகுதையா’ பாடலை இயற்றியவர் ஆண்டவன் பிச்சை என்று அழைக்கப்பெற்ற அம்மையார். அப்பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியோரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பாடியவரைக் கொண்டாடும் நாம் எழுதியவரைத் தேடுவதில்லை. இப்போக்கு எனக்கு என்றும் உறுத்தலாகவே இருந்து வருகிறது.

பக்தித் தட்டுக்கும் திரைப்படத்திற்கும் இடையே அந்நாளில் வேலி ஏதும் இருக்கவில்லை. பூவை செங்குட்டுவன் எழுதி, குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்த ‘திருப்பரங்குன்றத்தில் நீ சிரித்தால்’ முதலில் தனிப் பாடலாக வெளிவந்து, பின்னர் 1967இல் ஏ.பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’யில் இடம்பெற்றது. 1972இல் வந்த ‘தெய்வம்’ படத்திலோ மதுரை சோமு அவர்களே தோன்றி, கண்ணதாசன் எழுதிய ‘மருதமலை மாமணியே’ பாடலைத் தர்பாரி கானடாவில் பாடினார். சபா மேடையில் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டிய வித்துவான், தோட்டத்து வெள்ளைத் திரையிலும் அதன் பிறகு ஆலயத்து மரக்கிளையிலும் வந்து பாடினார். கச்சேரி என்ற சொல்லே அறியாத நாங்கள் அந்த நீண்ட பாட்டைப் பொறுமையுடன் கேட்கப் பழகினோம். பின்னாளில் இராக ஆலாபனை கேட்டு நான் சலிப்படையாமல் இருந்ததற்கு அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது.

மார்கழியில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் வீட்டிலிருந்து எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை கேட்கும். முப்பது பாசுரங்களுக்கும் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்த இராகங்கள். பெயர் தெரியாமலே முப்பது மெட்டுகளை நாங்கள் பிரித்தறிந்தோம். திருவேங்கடமுடையானுக்குரிய சுப்ரபாதத்தை எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் தட்டில் பாடினார். அவ்வம்மையார் அதன் உரிமைத் தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்திற்கே அளித்துவிட்டார் என்பதை அறிந்தபோது அக்குரலின் மீது மதிப்பு இன்னும் கூடிற்று. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கண்ணதாசனும் எம்.எஸ். விசுவநாதனும் சேர்ந்து படைத்த கிருஷ்ண கானம். ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள். அவர் பிறப்பால் கிறிஸ்தவர் என்பதை எங்கள் தோட்டத்தில் யாரும் ஒரு பொருட்டாகக் கருதியதில்லை. கார்த்திகையில் வீரமணியின் ஐயப்பன் பாடல்கள். நாள்காட்டியைப் பாராமலே ஒலிபெருக்கியைக் கேட்டு மாதத்தைச் சொல்லிவிடலாம்.

பிறகு ஒலிநாடாக்கள் வந்தன. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையிலும், கிள்ளானிலும், பினாங்குப் பாசார் தெருவிலும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் கடை வாசலெங்கும் பாட்டு. விருப்பமான பாடல்களை எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிவு செய்து தரும் கடைகளும் இருந்தன. எளிய குடும்பங்களுக்கு அது பெரும் வசதி. ஆனால் தட்டின் வரிசை குலையத் தொடங்கியதும் அப்போதுதான். எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் உறையோடு உதிர்ந்துபோனதும் அப்போதுதான். குறுந்தட்டு, கைப்பேசி என வந்தவை அப்போக்கை விரைவுபடுத்தின. இன்று ஒரு பாட்டு பாதியில் இருக்கும்போதே விரல் அடுத்ததற்குத் தாவுகிறது.

இனி இன்றைய திருவிழாவிற்கு வருவோம். தண்ணீர்ப்பந்தலுக்குப் பந்தல் ஆளுயர ஒலிபெருக்கிகள். பழைய குழாய் எதை விழுங்கியதோ அதையே இவை பெருக்குகின்றன. நெஞ்சு அதிரும் தாழ்ந்த முழக்கத்தில் சொல் புதைந்துபோகிறது. அருகருகே உள்ள இரு பந்தல்கள் போட்டியிட்டு ஒலிக்கும்போது, இரண்டிற்கும் நடுவில் காவடியேந்தி வரும் அன்பர் தம்முடன் வருவோர் பாடும் பாட்டையே கேட்க இயலாமல் தவிக்கிறார். ஒலிப்பது முருகன் பாட்டா, நேற்று வெளிவந்த திரைப்பாட்டா என்று கூர்ந்து கேட்டாலும் விளங்குவதில்லை.

இளைஞர்களைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். உறுமி மேளக் குழுவினர் மீது முதியோர் சிலர் சினம் கொள்வதை அறிவேன். நான் அக்கட்சியைச் சேர்ந்தவன் அல்லேன். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தம் கையாலும் தம் குரலாலும் முருகனுக்கு இசை எழுப்பும் பிள்ளை, பதிவை ஓட விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கும் நம்மைவிட மேலானவன். அவன் பாடுவதற்கு நல்ல பாட்டு வேண்டும் என்பதே என் கவலை. செவியில் எது விழுந்ததோ அதுவே வாயில் வரும். திரைப்பாட்டின் மெட்டில் அவன் சாமி பாட்டுக் கட்டுகிறான் என்றால், சிறு வயதில் அவன் செவியில் நாம் எதை ஊற்றினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“அதே பழைய பாட்டுகளைத்தான் எந்நாளும் போடுவதா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. சூலமங்கலம் சகோதரிகளும் ஒருகாலத்தில் புதியவர்களே. தட்டு வந்ததால் பஜனை மடங்களில் கூடிப் பாடும் வழக்கம் தேய்ந்தது என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் அந்நாளில் நொந்துகொண்டதும் நினைவிருக்கிறது. அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆகவே புதியது வரட்டும். உள்ளூர்க் கலைஞர் பாடியதும் வரட்டும். சொல் விளங்க வேண்டும், பாட்டு முழுமையாக ஒலிக்க வேண்டும், அந்தந்தத் திருநாளுக்கு உரியதாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவே.

சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. நேரடி இசைக்கு 2016இல் குறிப்பிட்ட சில இடங்களில் அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பெற்ற வாய்ப்பு அது. அத்தகைய தடையின்றி ஒலி எழுப்பும் உரிமை பெற்றுள்ள நாம் அதை வாடகைக்காரரின் கைக்கு விட்டுவிடுவது முறையா?

பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மடைப்பள்ளிக்கு ஒருவர், மலருக்கு ஒருவர் எனப் பொறுப்பு ஒப்படைப்பது போல ஒலிபெருக்கிக்கும் ஒருவரை நியமிக்கலாம். அபிஷேக வேளையிலும் ஓதுவார் தேவாரம் பாடும் வேளையிலும் பதிவை அறவே நிறுத்திவிட வேண்டும். ஒரு பாடலைத் தொடங்குமுன், இன்னார் எழுதியது, இன்னார் பாடியது என்று ஒலிவாங்கியில் ஒரு வாக்கியம் சொல்லலாம். அதைச் சொல்ல ஒரு தமிழ்ப்பள்ளி மாணவியை அமர்த்தலாம். தண்ணீர்ப்பந்தல் அமைப்போருக்கு அனுமதிக் கடிதம் தரும்போதே ஒலியளவையும் பாடல் வகையையும் எழுத்தில் குறிக்கலாம். வீடுகளில் உறையோடு பழைய தட்டு வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றை ஆலய நூலகத்திற்கு வழங்கினால், உறையில் அச்சாகியுள்ள பெயர்களையேனும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், அன்னதானத்திற்கும் இரத ஊர்வலத்திற்கும் இடையே, இதற்கென ஒரு வரி சேர்க்குமாறு ஆலயப் பொறுப்பாளர்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.