வெள்ளை போர்டு, வெள்ளை மனசு!

லண்டன் ஏர்போர்ட்டில் வாடகைக் கார் எடுக்கும் நம்ம ஊர்ப் பையனைப் பார்த்திருக்கிறீர்களா? கவுன்ட்டரில் நீட்டுகிற ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படிப்பான். காரை நாலு பக்கமும் சுற்றி வந்து, இருக்கிற கீறலையெல்லாம் செல்போனில் படம் பிடித்து வைப்பான். ‘எக்ஸெஸ் எவ்வளவு?’ என்று கேட்பான். ஆயிரம் பவுண்டுக்கு மேலே என்று பதில் வந்தாலும் அசர மாட்டான். அந்த ஆயிரத்துக்கும் சேர்த்து வேறொரு கம்பெனியில் முன்கூட்டியே தனி பாலிசி எடுத்து வைத்திருப்பான். சபாஷ்!

அதே பையன் மாமன் மகள் கல்யாணத்துக்காக கோயமுத்தூரில் வந்து இறங்குகிறான். ஊத்துக்குளி வந்து சேர்ந்த மறுநாள் காலையில் என்ன செய்கிறான்?

“பங்காளி, பத்து நாளைக்கு ஒரு வண்டி வேணுமே...”

அவ்வளவுதான். பங்காளிக்குத் தெரிந்த ஒருத்தர், அவருக்குத் தெரிந்த இன்னொருத்தர் என்று போய், ஆர்.எஸ். பக்கம் ஒரு டீக்கடை வாசலில் சாவி கை மாறுகிறது. வெள்ளை போர்டு கார். வாடகை ஜி-பேயில். பாலிசி உயிரோடு இருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது என்று கேட்டால் பங்காளிக்கு மரியாதைக் குறைச்சல் ஆகிவிடுமாம். லண்டனில் கீறலைப் படம் பிடித்தவன், இங்கே டயரைக்கூடக் குனிந்து பார்க்காமல் சென்னிமலைக்குக் கிளம்பிவிடுகிறான்.

கேட்டால், “நம்ம ஊர்தானுங்களே, என்ன ஆயிடப் போகுது?”

என்ன ஆகும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் இந்த எக்ஸெஸ். கார் சேதமானால் செலவில் முதல் பங்கை நீங்கள் போட வேண்டும், மிச்சத்தைத்தான் இன்ஷூரன்ஸ் போடும். அந்த முதல் பங்குக்குப் பேர்தான் எக்ஸெஸ். நம்ம ஊர் பாலிசியிலும் இது உண்டு. 1,500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேலே 2,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர் சாமான் உடைந்தால் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் ‘பம்பர் டு பம்பர்’ என்று கூடக் கொஞ்சம் பிரீமியம் வாங்குகிறார்கள். ஆக, இங்கே எக்ஸெஸ் ஒரு ராத்திரி ஓட்டல் பில்லுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வெள்ளை போர்டு காரின் பாலிசியில் ‘எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்’ என்று ஒரு பத்தி இருக்கும். பொடி எழுத்தில்தான் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள். கூலிக்கோ வாடகைக்கோ விடக்கூடாது என்பதுதான் அதில் முதல் நிபந்தனை. ரேஸ் ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. சாவியோடு பணமும் கை மாறிய அந்த நிமிடமே நிபந்தனை மீறப்பட்டாயிற்று. லண்டனில் எக்ஸெஸ் பெரிசு, ஆனால் அதற்கு மேலே பாதுகாப்பு நிச்சயம். இங்கே 1,000 ரூபாய் என்று போட்டிருக்கிறதே தவிர, வாடகை என்று தெரிந்துவிட்டால் முழுக் காரும் எக்ஸெஸ்தான்!

லண்டனில் எடுத்த அந்த எக்ஸெஸ் பாலிசி இங்கே உதவாதா என்று ஒரு தம்பி கேட்டார். முறையான வாடகைக் கம்பெனி, முறையான ஒப்பந்தம், அதில் எழுதப்பட்ட எக்ஸெஸ் தொகை இவற்றையெல்லாம் வைத்துத்தான் அப்படிப்பட்ட பாலிசி பணத்தைத் திருப்பித் தரும். டீக்கடை வாசலில் ஒப்பந்தம் ஏது?

பி.காம் படித்தவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இன்ஷூரன்ஸ் பாடத்தில் வருகிற ஒரு லத்தீன் வார்த்தை மறக்காது: ‘உபெரிமா ஃபிடெஸ்’. முழு நேர்மையோடு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். நம்ம ஊரில் விபத்து நடந்ததும் முதலில் என்ன நடக்கிறது? “சர்வேயர் வந்தா வாடகைன்னு சொல்லிப்போடாதீங்க. மச்சான் சும்மா எடுத்துட்டுப் போனார்னு சொல்லுங்க.” லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியிருந்தால், இருக்கிறவனை டிரைவர் ஆக்கி எஃப்.ஐ.ஆர். போடப் பார்க்கிறார்கள். சிவில் சமாச்சாரம் அங்கேயே கிரிமினல் சமாச்சாரம் ஆகிவிடுகிறது.

இந்த மச்சான் கதை எவ்வளவு நாள் தாங்கும்? 2024 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி, ஆலப்புழை களர்கோட்டில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போன கார் அரசு பஸ்ஸில் மோதியது. காரில் 11 பேர். ஆறு பேர் பிழைக்கவில்லை. முதல் வருஷ எம்.பி.பி.எஸ். பிள்ளைகள். பழைய டவேரா, தனியார் வண்டி. பழக்கத்துக்காகக் கொடுத்தேன், வாடகைக்கு இல்லை என்றுதான் உரிமையாளர் தரப்பு சொன்னது. விசாரணையில் ஆயிரம் ரூபாய் ஆன்லைனில் கை மாறியது வெளியே வந்தது. முன்பெல்லாம் வாடகையைக் கையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்கள், சாட்சி இல்லை. இப்போது பைசா போன நேரம், நிமிடம், யாரிடமிருந்து யாருக்கு என்று எல்லாமே பேங்க்கில் பதிவாகிறது. ‘கார் ரென்ட்’ என்று குறிப்பு வேறு எழுதி அனுப்புகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு விட்ட தனியார் காருக்கு கிளெய்ம் கேட்டு, நுகர்வோர் கமிஷன்களில் தோற்று, சுப்ரீம் கோர்ட் வரை போனார் ஒருவர். ‘நிபந்தனையை மீறினார் என்பதற்காக முழுக்கக் கைவிரிக்க முடியாது, நான்-ஸ்டாண்டர்ட் கிளெய்மாகக் கருது’ என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. அந்தக் கணக்கில் அதிகபட்சம் 75 சதவீதம். ஜெயித்தும் கால் பங்கு போச்சு. டெல்லி வரை போன செலவும் அலைச்சலும் தனி.

காரையாவது விடுங்கள், தகரம். எதிரே வருகிறவரை யோசித்தீர்களா?

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் ராத்திரி எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். ஷிஃப்ட் முடிந்து டூவீலரில் மூணு பேராக வருகிற பனியன் கம்பெனி ஆட்கள். சைக்கிளில் ரூமுக்குத் திரும்பும் ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களில் ஒருவர் மேல் இந்தக் கார் மோதுகிறது என்று வையுங்கள். மோதப்பட்டவர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று, பல வழக்குகளில் ‘முதலில் நீ கட்டு, அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. லைசென்ஸ் சிக்கல்களில் இந்த வழியை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விரிவாகவே சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டாம் பாதியைக் கவனியுங்கள். ‘ஓனரிடம் வசூலித்துக்கொள்.’ இறந்தவர் இளவயசு, சம்பாதிக்கிறவர், சின்னக் குழந்தைகள் இருக்கின்றன என்றால் நஷ்டஈடு பல லட்சத்துக்குப் போகும். வாடகை வாங்கியது சில ஆயிரம். பதிலுக்கு ஜப்திக்கு வருவது வீடு.

லண்டன்காரர் அதற்குள் ஃப்ளைட் ஏறியிருப்பார்!

அவருக்கே ஏதாவது ஆனாலும் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். அது ‘ஓனர்-டிரைவருக்கு’. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான். இரவல் வாங்கி ஓட்டினவர் அந்த வகையில் வரமாட்டார்.

அடுத்தது லைசென்ஸ். வெளிநாடு போய்ப் பத்து வருஷம் ஆனவரின் நம்ம ஊர் லைசென்ஸ் காலாவதியாகி இருக்கலாம். பர்ஸில் இருப்பது அந்த நாட்டு லைசென்ஸ். அதோடு சர்வதேச ஓட்டுநர் பர்மிட் வேண்டும். ஐ.டி.பி. என்பார்கள். அதை லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே, கிளம்புவதற்கு முன்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே வந்து திருப்பூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டால் கிடைக்காது. பிரிட்டனில் அதற்குக் கட்டணம் ஐந்தரை பவுண்டு. இந்தியாவுக்கு 1949-ம் வருஷ ஒப்பந்தப்படியான பர்மிட் என்று கேட்டு வாங்க வேண்டும். ஐந்தரை பவுண்டுக்குச் சோம்பேறித்தனப்பட்டு, லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டி கொடுத்த குற்றத்துக்குப் பங்காளியை 5,000 ரூபாய் அபராதம் கட்ட வைக்கிறார்கள். சட்டத்தில் அதற்கு மூணு மாசம் வரை ஜெயிலும் உண்டு.

வண்டியை விடுகிறவர் மேல் மட்டும் பாய்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் யார்? டியூவில் எர்டிகா வாங்கின ஜாப் ஒர்க் யூனிட்காரராக இருக்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் நின்று திண்டாடியவராக இருக்கலாம். சும்மா நிற்கிற காரை மாசம் பத்து நாள் விட்டால் டியூ கட்டிவிடலாமே என்று நினைக்கிறார். நியாயமான நினைப்புதான். அதைச் சட்டப்படி செய்ய அவருக்கு வழி வைத்தார்களா?

1989-ல் மத்திய அரசு ‘ரென்ட்-எ-கேப்’ திட்டம் கொண்டு வந்தது. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்தோடு ஓடுகிற செல்ஃப் டிரைவ் கார்கள் அந்த வகை. லைசென்ஸ் கேட்பவரிடம் குறைந்தது 50 கார் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதில் பாதிக்கு ஏ.சி. வேண்டும். ஐம்பது கார்! இரண்டு பவர் டேபிளோடு ஆரம்பித்து எக்ஸ்போர்ட்டர் ஆனவர்களின் ஊர் இது. இங்கே யாரும் 50 மெஷினோடு தொழிலைத் தொடங்கியதில்லை. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு 1997-ல் தனித் திட்டம் போட்டபோது ஐந்து வண்டி போதும் என்றார்களே, அந்த இரக்கம் கார் விஷயத்தில் ஏன் வரவில்லை? பெரிய கம்பெனி பெரிய ஊரில் கடை போடும். ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் விஜயமங்கலத்துக்கும் யார் வருவார்கள்? நல்ல வாசலை அடைத்துவிட்டு, கொல்லைப்புறமாக வந்தவனைப் பிடித்து, பர்மிட் இல்லை என்று 10,000 ரூபாய் அபராதம் போடுவது என்ன நிர்வாகம்? நாலு கார் வைத்திருக்கிறவனும் பதிவு செய்யட்டும், வாடகைக்கு உரிய பிரீமியம் கட்டட்டும், போர்டை மாற்றட்டும். அரசாங்கத்துக்கு வரியும் வரும், அடிபட்டவனுக்கு இழுபறி இல்லாமல் நஷ்டஈடும் வரும்.

அதுவரை வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்ன செய்வது? கோயமுத்தூரிலேயே கறுப்பு போர்டு வண்டி எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிகள் ‘புரொடெக்‌ஷன்’ என்று கூடுதலாகக் கேட்கிற தொகை பெரும்பாலும் தனி இன்ஷூரன்ஸ் பாலிசி அல்ல. சேதமானால் உங்களிடம் இவ்வளவுக்கு மேல் கேட்க மாட்டோம் என்கிற வாக்குறுதி. அந்த ‘இவ்வளவு’ எவ்வளவு, டயருக்கும் கண்ணாடிக்கும் உண்டா, தண்ணி போட்டு ஓட்டினால் உண்டா (கிடையாது!) என்று லண்டனில் கேட்ட மாதிரியே இங்கேயும் கேளுங்கள். வண்டிக்கு ஈடாக பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்திய பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அடகு வைக்கிற சாமான் இல்லை.

என்னைக் கேட்டால் மஞ்சள் போர்டு டாக்ஸியே உத்தமம். டிரைவர் பேட்டாவோடு பேசிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டு அலைச்சலில், தூக்கக் கலக்கத்தில், இடது பக்கமா வலது பக்கமா என்ற குழப்பத்தில் நீங்களே ஏன் ஓட்ட வேண்டும்? அமெரிக்காவிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். வீட்டிலேயே அப்பாவின் கார் இருக்கிறதா? பைசா வாங்காத அப்பா கார் வாடகை ஆகாது, தாராளமாக ஓட்டலாம். லைசென்ஸ் மட்டும் செல்லுபடியாக வேண்டும்.

ஊரில் இருக்கிற பெரியவங்களுக்கு ஒரு வேலை இருக்குங்க. பையன் டிக்கெட் போட்டுட்டேன்னு போன் பண்ணினதுமே, அங்கேயே ஐ.டி.பி. வாங்கிட்டு வரச் சொல்லிப்போடுங்க. ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி வைக்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்.